விலகுவதா, நிலைப்பதா?

நம் இல்லங்களில் பிள்ளைகளின் வேலையைப் பற்றிப் பேச்செழும்போது கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. ஊதியம் எவ்வளவு? நிலையான பணியா, ஒப்பந்தப் பணியா? இடமாற்றம் உண்டா? ஓய்வூதியம் உண்டா? இவை யாவும் கேட்கத் தக்கவையே. பசியையும் வாடகையையும் அறிந்த பெற்றோர் இவற்றைக் கேளாமல் இருப்பதற்கில்லை. ஆயினும் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலை என் மகனிடம், என் மகளிடம் எதைக் கேட்கும்?

எந்த வேலையும் என்றேனும் ஒரு நாள் ஒன்றைக் கேட்கவே செய்கிறது. சாலைப் பணியில் இருக்கும் இளம் பொறியாளரிடம், கொட்டப்படாத சல்லியைக் கொட்டியதாக அளவுப் புத்தகத்தில் பதியுமாறு சொல்வார்கள். வங்கி அலுவலரிடம், ஓய்வூதியப் பணத்தை நிரந்தர வைப்பில் போட வந்த முதியவரின் தலையில் பல்லாண்டுக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கட்டுமாறு வற்புறுத்துவார்கள். செவிலியிடம், நோயாளிக்கு எடுத்துச் சொல்லாததை எடுத்துச் சொன்னதாகக் குறிப்பேட்டில் எழுதுமாறு கூறுவார்கள். கணக்கரிடம் இரண்டு கணக்கு வைக்கச் சொல்வார்கள். சில தனியார் கல்வி நிலையங்களில், ஊதியப் பதிவேட்டில் காணும் தொகை ஒன்று, கையில் பெறும் தொகை வேறொன்று என்று அறிந்தே ஆசிரியை ஒப்பமிடுகிறார். இவர்களுள் எவரும் திருட வந்தவர் அல்லர். உழைத்துப் பிழைக்க வந்தவர்கள். பிழைப்பின் நடுவே, ஒரு தாளும் ஒரு பேனாவும் அவர்கள்முன் வைக்கப்படுகின்றன.

அந்த நாளில் அவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. “அப்படிப்பட்ட வேலையே வேண்டாம், விட்டுவிட்டு வா” என்பது ஒன்று. “ஊரோடு ஒத்துப் போ; நீ ஒருவன் திருந்தினால் உலகம் திருந்திவிடுமா?” என்பது மற்றொன்று. முன்னது வீரமாகத் தோன்றும். பின்னது விவேகமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் அவசரப்படுகின்றன. விலகுவதோ நிலைப்பதோ தன்னளவில் அறமும் ஆகாது, பாவமும் ஆகாது. முதலில் கேட்க வேண்டியது, நடக்கின்ற தவற்றில் என் கையின் பங்கு எது என்பது. அடுத்துக் கேட்க வேண்டியது, என் முடிவின் விலையைக் கொடுப்பவர் யார் என்பது. இவ்விரண்டையும் கேட்ட பின்னரே விலகுவதா, நிலைப்பதா என்ற கேள்வி தெளிவு பெறும்.

சுங்கச்சாவடியும் அத்திமரமும்

நற்செய்தி நூல்களில் வரிதண்டுவோர் இருவரின் மனமாற்றம் நம் அனைவருக்கும் நன்கு அறிமுகமானது. அக்காலத்தில் சுங்கம் தண்டும் உரிமை ஏலத்துக்கு விடப்படுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் ஆட்சிக்குக் கட்ட வேண்டியதற்கு மேல் எவ்வளவு தண்டினாரோ அவ்வளவும் அவருக்கு ஆதாயம். ஆகவே, அதிகமாக வாங்குவது தனிமனிதரின் பேராசை மட்டும் அன்று. அத்தொழிலின் அமைப்பே அப்படி இருந்தது.

அத்தொழிலிலிருந்து மத்தேயு எழுந்து போனார். சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்தவர் அழைப்பைக் கேட்டதும் அனைத்தையும் விட்டுப் பின்சென்றார். எரிகோ நகரின் சக்கேயுவோ வரிதண்டுவோருக்குத் தலைவர்; மத்தேயுவைவிட உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். அவர் அத்திமரத்திலிருந்து இறங்கி வந்து, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களித்தார். ஆனால் அவர் வேலையை விட்டதாக லூக்கா எழுதவில்லை. விடுமாறு இயேசு கேட்டதாகவும் எழுதவில்லை. இருந்தும் அவருடைய வீட்டுக்கு மீட்பு வந்தது.

அதே நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில், திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோரும் படைவீரரும் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கின்றனர். பாலைநிலத்தில் வாழ்ந்த கடுந்துறவி அவர். “எல்லாவற்றையும் உதறுங்கள்” என்று சொல்வார் என நாம் எதிர்பார்ப்போம். அவரோ வரிதண்டுவோரிடம் விதித்த தொகைக்கு மேல் வாங்க வேண்டாம் என்கிறார். படைவீரரிடம் மிரட்டிப் பறிக்காமல் ஊதியத்தோடு மனநிறைவு கொள்ளுமாறு கூறுகிறார். தொழில் அப்படியே இருக்கிறது. தொழில் செய்யும் கைக்கு ஓர் எல்லை வகுக்கப்படுகிறது.

அந்த எல்லை சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். எல்லாரும் கூடுதலாக வாங்கும் சாவடியில் ஒருவர் மட்டும் விதித்ததை வாங்கினால் அடுத்த சாவடிக்காரர் சும்மா இருப்பாரா? ஏலத்தொகை திரும்பாவிட்டால் தலைவர் பொறுப்பாரா? யோவான் காட்டிய எல்லையில் ஒரு மாதம் நின்றவர் தம் வேலையின் உண்மை முகத்தைக் கண்டுகொண்டிருப்பார். நேர்மையோடு செய்ய இடந்தருகிற வேலையா, தராத வேலையா என்பது, நேர்மையாகச் செய்து பார்க்கும் வரை தெரிவதில்லை.

ஏணி பிடித்த பணியாள்

முதலாளியின் தவற்றில் பணியாளனின் பங்கு எவ்வளவு என்ற வினா இன்றைய அலுவலகங்களோடு பிறந்தது அன்று. 1679-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட், தளர்ந்த ஒழுக்கப் போதனைகள் என்று 65 கூற்றுகளைக் கண்டனம் செய்தார். அவற்றுள் 51-ஆவது ஒரு வீட்டுப் பணியாளைப் பற்றியது. அவனுடைய தலைவன் ஒரு பெண்ணைக் கெடுக்கும் நோக்கத்தோடு சாளரத்தின் வழியே ஏறுகிறான். நோக்கத்தை அறிந்தே பணியாள் தோள் கொடுக்கிறான், ஏணி சுமக்கிறான், கதவு திறக்கிறான். தலைவன் சினந்து நோக்குவானோ, வீட்டைவிட்டுத் துரத்துவானோ என்ற அச்சத்தால் இவற்றைச் செய்தால் அது பெரும்பாவம் ஆகாது என்று சிலர் கற்பித்து வந்தனர். அக்கருத்தையே திருச்சபை ஏற்க மறுத்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வரிகளில் நம் அலுவலகத்தின் வாடை வீசுகிறதல்லவா? மேலாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சமும், வேலை போய்விடும் என்ற நடுக்கமும் அன்றும் இருந்தன. அந்த அச்சம் பொய்யன்று. அது குற்றத்தின் கனத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் அச்சம் இருக்கிறது என்பதனால் மட்டும் ஏணி பிடித்த கை தூய கையாகிவிடாது.

இவ்வினாவை நிதானமாகப் பகுத்தாய்ந்தவர்களுள் புனித அல்போன்ஸ் லிகோரி முதன்மையானவர். 1696-இல் பிறந்து 1787-இல் இறந்த அவர், நேப்பிள்ஸ் நகரில் வழக்கறிஞராகப் புகழ் பெற்றவர். பெரிய வழக்கு ஒன்றில் தோற்றபின் 1723-இல் அத்தொழிலைத் துறந்தவர். தொழிலைத் துறந்தவரே தொழிலில் இருப்போரின் சிக்கலைப் பரிவோடு ஆய்ந்தார் என்பது எண்ணத் தக்கது. பிறருடைய தீமைக்கு உள்ளத்தாலும் உடன்படுவது ஒரு வகை; உள்ளம் உடன்படாமல், தன் வழக்கமான பணியால் அத்தீமைக்குப் புறத்தே துணையாகிவிடுவது வேறொரு வகை. முதல் வகைக்கு என்றும் இடமில்லை. இரண்டாவது வகையில் சிலவற்றை எடைபோட வேண்டும். நான் செய்யும் செயல் தன்னளவில் தீயதா? அது அத்தீமைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? தீமை எவ்வளவு கொடியது? மறுத்தால் எனக்கு நேரும் இழப்பு எவ்வளவு?

இந்த அளவுகோலை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வருவோம். பொய்க்கணக்கு எழுதும் நிறுவனத்தில் தரையைப் பெருக்குபவர் அக்கணக்குக்குப் பொறுப்பாளர் ஆகார். கோப்பை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குக் கொண்டு செல்லும் கடைநிலை ஊழியரின் பங்கும் தொலைவானது. ஆனால் சல்லியை அளக்காமலே அளந்ததாக எழுதும் பொறியாளரின் நிலை அதுவன்று. அவர் பிறருடைய பொய்க்கு உதவுபவர் அல்லர்; அந்தப் பொய்யைச் சொல்பவரே அவர்தாம். மேலிடம் கட்டளையிட்டது என்பதால் பொய் மேலிடத்துக்கு மட்டும் உரியதாகிவிடாது. கையொப்பத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு: இது உண்மை என்று நான் சொல்கிறேன் என்பது.

ஊதியப் பதிவேட்டில் ஒப்பமிடும் ஆசிரியையை இதே தராசில் நிறுத்த முடியுமா? அவர் எழுதுவதும் உண்மையன்று. ஆயினும் அந்தப் பொய்யால் இழப்பவர் அவரே. அவர் கொள்ளைக்குத் துணை போகிறவர் என்பதைவிடக் கொள்ளை போகிறவர் என்பதே பொருந்தும். பாவத்தின் பெரும்பகுதி பதிவேட்டை நீட்டும் கையில் இருக்கிறது. எல்லாக் கையொப்பத்தையும் ஒரே அளவில் அளப்பவர் அறத்தை அறிந்தவர் ஆகார்.

ஒரு தாளும் ஏழு உயிர்களும்

கையொப்பம் என்பது எத்துணை கனமானது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1986 ஜனவரி 27-ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் காலை செலுத்தலாமா என்று தொலைபேசிவழி ஒரு கூட்டம் நடந்தது. விண்கலத்தை உந்திச் செல்லும் ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது மார்ட்டன் தயோக்கால் என்ற நிறுவனம். ராக்கெட்டின் பாகங்கள் இணையும் இடத்தில் வாயு கசியாதபடி ரப்பர் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கடுங்குளிரில் ரப்பர் விறைத்துவிடும். இணைப்பு விரியும்போது வளையம் உடனே விரிந்து அடைத்துக்கொள்ளாது. ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலை 31-ஆம் நாளே இவ்வளையங்களின் ஆபத்தை எழுத்துமூலம் தம் மேலிடத்துக்கு எச்சரித்திருந்தார். அன்றிரவு புளோரிடாவில் குளிர் உறைநிலைக்கும் கீழே செல்லும் என்று கூறப்பட்டது. அதுவரை செலுத்தப்பட்டவற்றுள் மிகக் குளிர்ந்த நிலையில் சென்றது ஏறத்தாழ 12 பாகை செல்சியசில்தான். அதற்குக் கீழே செலுத்த வேண்டாம் என்று பொறியாளர்கள் பரிந்துரைத்தனர்.

நாசா அதிகாரிகள் அப்பரிந்துரையை விரும்பவில்லை. நிறுவனத்தார் தொலைபேசித் தொடர்பைச் சற்றே துண்டித்துக்கொண்டு தமக்குள் கலந்து பேசினர். பொறியியல் பிரிவின் துணைத்தலைவர், ஒரு பொறியாளராக எண்ணுவதை விட்டு நிர்வாகியாக எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் மனம் மாறினார். பரிந்துரை தலைகீழானது. ஏவுதளத்தில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்தவர் ஆலன் மெக்டொனால்டு. ஒப்புதல் தாளில் அவர் கையொப்பமிட வேண்டும், அவர் மறுத்துவிட்டார். யூட்டா மாநிலத்திலிருந்து அவருடைய மேலதிகாரி ஒப்பமிட்டுத் தொலைநகலில் அனுப்பினார். மறுநாள், மேலெழுந்த 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டனர்.

மெக்டொனால்டின் மறுப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. “நான் ஒப்பமிடாவிட்டால் வேறொருவர் இடத்தான் போகிறார்” என்று நம்மவர் அடிக்கடி சொல்வதுதான் அங்கே நடந்தது. அப்படியானால் அம்மறுப்பு வீண்தானா? விபத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின்முன், நிறுவனத்தின் பொறியாளர்கள் முதலில் வேண்டாம் என்றே சொன்னார்கள் என்ற உண்மையை எழுந்து நின்று வெளிப்படுத்தியவர் அவர். அந்தத் தாளில் அவருடைய பெயர் இருந்திருந்தால் அந்த நாவுக்கு அத்தகைய வலிமை இருந்திருக்குமா? ஒப்பமிடாத கைதான் பின்னர் சாட்சி சொல்லும் கையாக இருக்க முடிந்தது.

அவரும் பாய்ஜோலியும் இதன்பின் வெவ்வேறு வழிகளில் சென்றனர். மெக்டொனால்டைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும் மீண்டும் பொறுப்பேற்றார். அதே நிறுவனத்தில் நிலைத்து, அந்த இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1988 செப்டம்பரில் திருத்திய ராக்கெட்டோடு விண்கலம் மீண்டும் பறந்தது. பாய்ஜோலியோ உடன் பணியாற்றியவர்களின் புறக்கணிப்பாலும் உள்ளத்தின் வேதனையாலும் நைந்து நிறுவனத்தை விட்டு விலகினார். பிறகு பல்கலைக்கழகங்கள்தோறும் சென்று பொறியாளர்களின் அறக்கடமை பற்றிப் பேசினார். ஒருவர் நிலைத்தார், ஒருவர் விலகினார். சக்கேயுவும் மத்தேயுவும் போல இருவரும் சரியாகவே செய்தனர். இருவருக்கும் பொதுவானது, தம் துறையின் உண்மையைப் பதவிக்கு அடகு வைக்காமைதான்.

விலையைக் கொடுப்பவர் யார்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் நாட்டிலும் ஒரு பொறியாளர் இருந்தார். பீகார் மாநிலத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை விவரித்து 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை மறைத்து வைக்குமாறும் வேண்டினார். ஆனால் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27-ஆம் நாள் அதிகாலையில் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. வழிப்பறியின்போது நிகழ்ந்த கொலை என்று புலனாய்வு கூறியது. 2010-இல் மூவர் தண்டனை பெற்றனர். கொலையின் காரணம் எதுவாயினும், நம்பி எழுதியவரின் பெயரைக் காக்கத் தவறியது அரசின் குறைதான். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றியது. அதன்பின்னும், அது நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படாமலே ஆண்டுகள் கழிந்தன.

இதை நினைவில் கொள்ளாமல் “துணிந்து நில்” என்று இளைஞரிடம் சொல்வது எளிது. தான் கொடுக்காத விலையைப் பிறர் கொடுக்குமாறு கேட்பது அறவுரை ஆகாது. பொய்யில் ஒப்பமிடாதிருப்பது எல்லாருக்கும் கடமை. உலகறிய எதிர்த்து நிற்பது, உயிர்கள் ஆபத்தில் இருக்கும்போதன்றி, எல்லாருக்கும் எப்போதும் கடமை ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால்தான், வீரராக இயலாத பலர் நேர்மையாளராகவும் இயலாது என்று எண்ணிக் கைவிட்டுவிடுகின்றனர்.

இங்கே புனித தாமஸ் மோரின் வாழ்வு நமக்கு ஒளி தருகிறது. இங்கிலாந்தின் தலைமை அமைச்சருக்கு நிகரான பதவியில் இருந்த அவர், மன்னன் எட்டாம் ஹென்றி திருச்சபையைத் தன் கைக்குள் கொணர்ந்தபோது, 1532 மே 16-ஆம் நாள் பதவி விலகினார். மேடையேறி மன்னனைக் கண்டிக்கவில்லை, அமைதியாக ஒதுங்கினார். 1534-இல் ஆணைப்பிரமாணம் செய்யுமாறு கட்டாயப்படுத்தியபோதும், மறுத்தாரே அன்றிக் காரணத்தைக் கூறாமல், சட்டத்தறிஞருக்குரிய திறனோடு தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார். சாவைத் தேடிப் போகவில்லை. வேறு வழியெல்லாம் அடைபட்ட பின்னரே 1535 ஜூலை 6-ஆம் நாள் வெட்டுமேடையை ஏற்றார். முன்மதியும் துணிவும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

இதைவிட நம் கவனத்துக்குரிய ஒரு செய்தியை அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்துள்ளார். பதவி போனதும் வருவாய் குறைந்தது. மோர் தம் பணியாளர்களைத் தெருவில் விடவில்லை. ஆயர்களிடமும் பிரபுக்களிடமும் பேசி அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். பிறகு பிள்ளைகளையும் மருமக்களையும் கூட்டி, செலவைப் படிப்படியாகக் குறைத்து எல்லாரும் ஒன்றாக வாழ்வது எப்படி என்று கலந்து பேசினார். தம் மனச்சான்றின் விலையைப் பிறரும் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்த ஒருவர் செய்ய வேண்டிய செயல் அது. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து “வேலையை உதறிவிட்டேன்” என்று அறிவிக்கும் கணவன் நேர்மையாளனாக இருக்கலாம். ஆனால் மனைவியின் உண்டியலிலிருந்து எடுத்துத் தன் நேர்மைக்கு விலை கொடுக்கிறான்.

தாயின் பசி

“எல்லாம் சரி, எனக்குக் குடும்பம் இருக்கிறதே” என்று ஒருவர் கேட்பார். இதைவிட மதிப்புக்குரிய மறுப்பு வேறில்லை. வள்ளுவர் வினைத்தூய்மை என்னும் 66-ஆம் அதிகாரத்தில் இம்மறுப்பை நேருக்கு நேர் சந்திக்கிறார். பெற்ற தாய் பசித்திருப்பதைக் காணும் நிலையிலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. தாயின் பசி சிறியது என்று அவர் நினைத்தாரா? இல்லை. மகன் காட்டக்கூடிய காரணங்களுள் மிக வலியது எதுவோ அதையே எடுத்து வைத்து, அதுவும் போதாது என்கிறார்.

ஆனால் நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாம் குடும்பம் என்று சொல்லும்போது உண்மையில் பசியைத்தான் சொல்கிறோமா? பலவேளைகளில் நாம் சொல்வது மாதத் தவணையை. தகுதிக்கு மீறிக் கட்டிய வீடு, அண்டை வீட்டாரைப் பார்த்து வாங்கிய வண்டி, ஊர் மெச்ச நடத்திய திருமணம் ஆகியவற்றின் கடனே பசியின் குரலில் பேசுகிறது. பசித்த தாய்க்கு உணவு தேடுகிறவனின் தவறும், வாங்கிய காருக்குத் தவணை தேடுகிறவனின் தவறும் ஒன்றல்ல.

இங்கேதான் வாழ்க்கைத் தொழிலைப் பற்றிய முடிவின் உண்மையான இடம் இருக்கிறது. “இல்லை” என்று சொல்லும் ஆற்றல் நெருக்கடி நாளில் திடீரென்று பிறப்பதில்லை. அது பல ஆண்டுகளுக்கு முன்பே, எவரும் கவனியாத எளிய முடிவுகளில் உருவாகிறது. வருவாயில் ஒரு பகுதியைச் சேமிப்பாக வைத்த மாதத்தில், பெருங்கடனை வேண்டாம் என்ற நாளில், வேறிடத்திலும் பிழைக்க வழி செய்யும் ஒரு கைத்தொழிலை அல்லது கல்வியைக் கற்ற மாலைகளில் அது வளர்கிறது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்திருக்கும் எழுத்தர், அடுத்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து வாழும் மேலாளரைவிடச் சுதந்திரமானவர். எளிய வாழ்வைத் துறவிகளுக்குரிய அணிகலன் என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். அது உழைப்போரின் காவல் என்பதை மறந்துவிட்டோம்.

அன்றாடக் கூலிக்கு உழைப்பவருக்கு இந்தச் சேமிப்பும் கனவுதான். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கூலி கொடுப்பவரிடம்தான் சொல்ல வேண்டும்.

முடிவெடுக்குமுன்

புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாவதற்கு நெடுங்காலம் முன்பு, 1940 முதல் 1944 வரை கிராக்கோ நகரில் கற்சுரங்கத்திலும் சோடா தொழிற்சாலையிலும் கூலியாளாக உழைத்தவர். அவர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் ஒன்று எழுதினார். உழைப்பு பொருளை உருவாக்குவதோடு உழைப்பவரையும் உருவாக்குகிறது என்பது அதன் அடிப்படைச் சிந்தனைகளுள் ஒன்று. அது இருபுறமும் வெட்டும் உண்மை. நல்ல உழைப்பு மனிதரை வளர்க்கிறது என்றால், நாள்தோறும் செய்யும் பொய் வேலை அவரைத் தேய்க்கவும் செய்யும். முதல் பொய்யான பதிவை எழுதும் போது கை நடுங்கும். நூறாவது பதிவின்போது நடுங்காது. அந்த நடுக்கம் நிற்பதற்கு முன் செயல்படுவதே அறிவுடைமை.

செயல்படுவது என்றால் உடனே விலகல் கடிதம் எழுதுவது என்று பொருளன்று. வாய்மொழியாகத் தவறான கட்டளை வந்தால், அதை எழுத்தில் தருமாறு பணிவோடு கேட்கலாம். பல தவறுகள் அந்த ஒரு வேண்டுகோளிலேயே பின்வாங்கிவிடும். தன் கருத்து வேறுபாட்டை நாளிட்டு எழுதிக் கோப்பில் சேர்க்கலாம். அதே எண்ணமுடைய உடன்பணியாளர் ஒருவரைத் தேடலாம். தனியாக நிற்பவர் பிடிவாதக்காரர் என்று பெயரெடுப்பார், இருவர் நின்றால் காது கொடுத்துக் கேட்பார்கள். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். தொழிற்சங்கத்தை நாடலாம். வீட்டில் மனைவியோடு அல்லது கணவரோடு, கணக்கு ஏட்டைத் திறந்து வைத்துப் பேசலாம்.

இவற்றுக்குப் பின்னும் மூன்று நிலைகளில் விலகுவதே வழி என்று தோன்றுகிறது. நாம் ஒப்பமிட்டே ஆக வேண்டிய பொய் அன்றாடப் பணியாகிவிட்டால் விலக வேண்டும். அத்தொழிலே பிறரை ஏமாற்றுவதைக்கொண்டுதான் நடக்கிறது என்று தெளிவானால் விலக வேண்டும். கெட்டது எது என்று உணரும் புலனே மங்கி வருகிறது என்று நம்மை நேசிப்பவர்கள் சொல்லத் தொடங்கினால் விலக வேண்டும். மற்ற நிலைகளில், மெக்டொனால்டைப் போல் உள்ளிருந்து பழுது பார்ப்பவரே பிறருக்கு அதிகம் பயன்படுவார். எல்லா நல்லவர்களும் வெளியேறிவிட்ட அலுவலகத்தில், அளவுப் புத்தகத்தை எழுதப் போகிறவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

நம் முற்றம்

இவ்வளவும் தனிமனிதரைப் பற்றிப் பேசினோம். நேர்மையை முழுவதும் தனிமனிதர் தோளில் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வது சமூகத்தின் பழைய தந்திரம். நேர்மையான அதிகாரி இறந்தபின் அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துவோம். உயிரோடு இருக்கும்போது, வேலை இழந்த அவருடைய பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்தோம்? நம் பங்கில் ஒருவர் பொய்க்கணக்கு எழுத மறுத்ததால் வேலை இழந்தார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் அவரை மதிப்போம்? பிழைக்கத் தெரியாதவர் என்று கூறுவோரே மிகுதி. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு மேல்வருமானம் உண்டா என்று மறைமுகமாகக் கேட்பவர்கள், ஞாயிறு தோறும் திருப்பலியில் நம் அருகில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் நிறுவனங்களையும் இக்கேள்விக்கு வெளியே நிறுத்த முடியாது. 1891-இல் வெளிவந்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் சுற்றுமடல் முதல், நியாயமான ஊதியம் என்பது நீதியின் கடன் என்று திருச்சபை கற்பித்து வருகிறது. அப்படிக் கற்பிக்கும் இல்லத்தில் ஊதியப் பதிவேட்டில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையும் இருக்குமானால், வெளியே எவரிடமும் நேர்மையைப் பற்றிப் பேச நமக்கு வாய் இராது. அப்படி இல்லை என்று உறுதி செய்வது ஆட்சிப் பொறுப்பில் இருப்போரின் கடமை. கேட்பது பொதுநிலையினரின் உரிமை.

ஒவ்வொரு பங்கிலும் நோயுற்றோருக்கும் படிப்போருக்கும் உதவி நிதி வைக்கிறோம். மனச்சான்றுக்காக வேலையிழந்த குடும்பத்துக்கு ஆறு மாதம் கைகொடுக்கும் ஒரு சிறு நிதி ஏன் இருக்கக் கூடாது? சட்டம் அறிந்த ஒருவரும், கணக்கு அறிந்த ஒருவரும், வேலைவாய்ப்புகளை அறிந்த ஒருவரும் மாதம் ஒரு மாலை பங்கு மன்றத்தில் அமர்ந்து, இத்தகைய சிக்கலில் இருக்கும் இளைஞருக்குச் செவிசாய்த்தால் எவ்வளவு பயன் விளையும்! தாமஸ் மோர் தம் பணியாளர்களுக்குச் செய்ததை ஒரு பங்குச் சமூகம் தன் பிள்ளைகளுக்குச் செய்ய இயலாதா?

வேலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் ஊதியத்தைப் பற்றிக் கேட்போம். ஓய்வூதியத்தைப் பற்றியும் கேட்போம். அத்தோடு இதையும் சொல்லி அனுப்புவோம்: “உண்மையில்லாத தாளில் உன் பெயரை எழுதாதே. அதனால் வேலை போனால், உனக்கு இந்த வீடு இருக்கிறது.” இவற்றுள் முதல் வாக்கியத்தைச் சொல்லும் பெற்றோர் பலர். இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்பவர்களின் பிள்ளைகளே முதல் வாக்கியத்தைக் காப்பாற்ற முடியும்.